துரை பங்களாவில் கிடைத்த பழைய பாட்டுத் தாள்களைக் காப்பாற்றிப் பாடுவது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில், ரப்பர் தோட்டத்து வெள்ளைக்கார மேலாளர் குடியிருந்த ஒரு பழைய துரை பங்களாவைக் காலி செய்தால், மேசை அலமாரியெல்லாம் லோரி ஏறிய பிறகு கடைசியாக வெளியே வருவது காகிதம்தான். கணக்குப் புத்தகம், பழைய நாட்காட்டி, அதற்கு நடுவில் சில சமயம் ஒரு கட்டு இசைத்தாள். எனக்கு வந்த கட்டு, மூடி திறக்கிற பியானோ ஸ்டூலுக்குள் கிடந்தது. பியானோ எப்போதோ கரையானுக்குப் போய்விட்டது. பழைய சாமான் எடுப்பவர் ஸ்டூலுக்கு மட்டும் விலை சொன்னார், உள்ளே இருந்த 43 தாள்களைச் சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

இப்படி யாருக்காவது கிடைத்தால் முதலில் கேட்பது, விற்றால் எவ்வளவு வரும் என்றுதான். பெரும்பாலும் ஒன்றும் வராது. இவை பெரும்பாலும் விக்டோரியா ராணி காலத்து ஆங்கிலப் பாட்டுகள். ராணி 1901 ஜனவரியில் இறந்தார். அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்தப் பாட்டுகள் அச்சான அளவு நமக்கு நம்ப முடியாதது. ரேடியோ கிடையாது, கிராமபோன் அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தது, ஒரு பாட்டு வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் தாளாகத்தான் வர வேண்டும். மாலையில் வீட்டுப் பெண்ணோ பையனோ பியானோ முன் உட்கார்ந்து, சாதாரணக் குரலில், சொந்தக்காரர்கள் முன்னால் பாடுவதற்காக எழுதப்பட்டவை இவை. நல்ல செய்தி அதுதான். உங்கள் குரலும் என் குரலும் இதற்குப் போதும். அதனால் சட்டம் போட்டு மாட்டுவதையும் விற்பதையும் விட்டுவிட்டு, பாட்டாக்குவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் பூச்சி. கட்டை அப்படியே வீட்டுக்குள் கொண்டுபோய்ப் புத்தக அலமாரி பக்கத்தில் வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சி ஒன்று இருந்தாலும் போதும், உங்கள் மற்றப் புத்தகங்களும் போய்விடும். வாசல் திண்ணையில் பழைய வேட்டியை விரித்து, முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தாளாகப் பிரியுங்கள். ஒட்டிக்கொண்டிருப்பதை இழுக்கக் கூடாது, அதை அப்படியே தனியாக வைத்துவிடுங்கள். ஈரம் இருந்தால் நிழலில், காற்றாடி நேராகப் படாத இடத்தில் ஆற விடுங்கள். நம் ஆட்களுக்கு எதையும் வெயிலில் காய வைத்தால்தான் திருப்தி, ஆனால் இந்தக் காகிதத்துக்கு வெயில் ஆகாது. 1800களின் பின்பாதியில் மரக்கூழில் செய்த காகிதம் இது, அதற்குள்ளேயே அமிலம் இருக்கிறது, வெளிச்சமும் சூடும் பட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

நன்றாகக் காய்ந்த பிறகு, காற்றை வெளியேற்றி மூடுகிற பிளாஸ்டிக் பையில் போட்டு, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். மீன், கோழி எதுவும் மேலே வராமல் ஒரு மூலை ஒதுக்குங்கள். பூச்சியும் முட்டையும் குளிரில் செத்துவிடும். எடுத்தவுடன் பையைத் திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் வெளியே வைத்து, பையின் மேலே பூத்த நீர் எல்லாம் காய்ந்த பிறகு திறங்கள், இல்லையென்றால் அந்த நீர் தாளில் இறங்கும். அந்துருண்டை வேண்டாம், அந்த நாற்றம் காகிதத்தை விட்டுப் போகவே போகாது.

அப்புறம் தூசி. மெல்லிய மயிர் உள்ள தூரிகையால் மடிப்பிலிருந்து ஓரம் நோக்கி ஒரே திசையில் துடையுங்கள். கறுப்பாகப் படிந்த அழுக்குக்கு, காகிதம் பழுது பார்ப்பவர்கள் ஒரு பஞ்சுக் கட்டி வைத்திருப்பார்கள். அது கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய இயற்கை ரப்பர்தான், தண்ணீரே இல்லாமல் அழுக்கை இழுத்துக்கொள்ளும். பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவன் நான். அந்த ரப்பரை வைத்து அந்த பங்களாவின் பாட்டுத் தாளைத் துடைத்தபோது கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. ஆனால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடாதீர்கள், அது உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன்: லேமினேட் செய்யாதீர்கள். ஆரம்பத்தில் எனக்குத் தெரியாது. டவுனில் ஒரு கடையில் கொடுத்து, அட்டைப் படம் மிக அழகாக இருந்த தாளை லேமினேட் போட்டு வாங்கினேன். ஒரே வருஷத்தில் உள்ளே மஞ்சள் பூத்து, ஓரத்தில் பூஞ்சை நூல் நூலாக ஓட ஆரம்பித்தது. பிரித்து எடுக்கவும் முடியாது. அந்த ஒரு தாளை இன்றும் பார்க்க மனம் வராமல் தனியாக வைத்திருக்கிறேன். செலோடேப்பும் அப்படித்தான், பசை காகிதத்துக்குள் இறங்கிக் கறையாகிவிடும். கிழிசல் இருந்தால் கிழிந்தபடியே ஒரு வெள்ளைத் தாளுக்குள் வைத்துவிடுங்கள், அதுவே போதும்.

சுத்தமான பிறகு ஒவ்வொன்றும் எந்தக் காலத்தது என்று பாருங்கள், இது சுவையான வேலை. அட்டையில் ஆண்டு பெரும்பாலும் இருக்காது. வேறு தடயங்கள் உண்டு. பதிப்பாளர் முகவரியில் லண்டன் என்று போட்டு, பக்கத்தில் டபிள்யூ, அல்லது ஈ.சி. என்று எழுத்து மட்டும் இருந்தால் அது 1917க்கு முந்தைய முகவரி. டபிள்யூ 1 என்று எண்ணும் சேர்ந்திருந்தால் அதற்குப் பிந்தையது, ஏனென்றால் அந்தத் தபால் வட்டார எண்கள் 1917இல்தான் வந்தன. அமெரிக்கா 1891இல்தான் வெளிநாட்டார் படைப்புக்குக் காப்புரிமை கொடுக்க ஆரம்பித்தது. அதன் பிறகு வந்த லண்டன் பாட்டுகளில் முதல் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு காப்புரிமை வரி, பல சமயம் ரோமன் எண்ணில் ஆண்டோடு இருக்கும். பூசி என்ற லண்டன் பாட்டுப் பதிப்பு நிறுவனத்தின் பெயர் பூசி அண்ட் ஹாக்ஸ் என்று இருந்தால் தாள் 1930 அல்லது அதற்குப் பின் அச்சானது, அந்த இரண்டு கம்பெனியும் சேர்ந்தது அப்போதுதான். பின்னட்டையில் மற்றப் பாட்டுகளின் விளம்பரம் இருக்கும், அதில் ஆகப் புதிய பாட்டு எந்த ஆண்டோ அதற்கு முன்னால் உங்கள் தாள் அச்சாகியிருக்க முடியாது.

பாட்டு பிறந்த ஆண்டும் தாள் அச்சான ஆண்டும் வேறு வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மலாயாவில் ரப்பர் பெரிய வியாபாரமானது 1900க்குப் பிறகுதான், ஆக நம் பங்களாக்களுக்கு இந்தப் பாட்டுகள் வந்தபோதே இவை பழைய பாட்டுகள். கப்பலில் வந்த பெண் தன் அம்மா பாடியதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். நம் பக்கத்துப் பாட்டிமார் தாளில்லாமல் நெஞ்சில் கொண்டுவந்தார்கள். துரை பங்களாவுக்கும் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் எவ்வளவு தூரம் என்று தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும், அதை நான் சின்னதாக்கிச் சொல்லவில்லை. ஆனாலும் ஊரை விட்டு வந்தவர்களின் பாட்டு என்ற வகையில் இவை எனக்குப் புரிகின்றன.

அட்டையில் இன்னொன்றைக் கவனியுங்கள். இன்னார் பாடியது என்று ஒரு பாடகியின் பெயர் பெரிதாகப் போட்டிருக்கும். அது வெறும் பெருமைக்குப் போட்டதில்லை. பதிப்பாளர்கள் பெயர் பெற்ற பாடகருக்கு விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு தொகை கொடுத்தார்கள், அவர் கச்சேரிதோறும் அந்தப் பாட்டைப் பாட வேண்டும். பூசி கம்பெனி இதற்கென்றே 1867இல் லண்டனில் பாட்டுக் கச்சேரிகளை ஆரம்பித்தது. விலை நான்கு ஷில்லிங் என்று அச்சாகியிருந்தால் கடையில் பாதிக்குத்தான் கொடுத்தார்கள், அது அந்தக் காலத்து வியாபார வழக்கம். நெட் என்ற சொல் இருந்தால் தள்ளுபடி இல்லை என்று அர்த்தம்.

சரி, பாட வருவோம். அசலை வைத்துப் பழகாதீர்கள். ஜன்னலோர வெளிச்சத்தில் தாளைத் தரையில் வைத்து, நேர் மேலிருந்து போனில் படம் எடுங்கள். கடையில் ஜெராக்ஸ் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் மடிப்பு உடைந்துவிடும். அசல் தாள் சுமார் 35 சென்டிமீட்டர் உயரம், அதனால் ஏ3 அளவில் அச்செடுத்தால் கண்ணுக்கு நல்லது. உரிமைப் பிரச்சினை இருக்குமோ என்று பயப்பட வேண்டாம்: மலேசியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 50 ஆண்டு ஆனால் போதும், அந்தக் காலத்துக் கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

இப்போது சுருதி. அட்டையிலேயே நம்பர் 1 சி, நம்பர் 2 டி, நம்பர் 3 இ ஃப்ளாட், நம்பர் 4 எஃப் என்று இருக்கும், ஒரே பாட்டை நாலு சுருதியில் விற்றார்கள். நம் கணக்கில் சி ஒரு கட்டை, டி இரண்டு கட்டை, இ ஃப்ளாட் இரண்டரைக் கட்டை, எஃப் நாலு கட்டை. ஆனால் நான் பஜனையில் ஒரு கட்டையில் பாடுகிறவன், அதனால் சி தாள்தான் எனக்குச் சரி என்று முடிவு கட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். நம் பாட்டில் ஆதார சட்ஜமத்தை வைத்துக் குரலைப் பொருத்துகிறோம். இவர்கள் பாட்டின் ஆக மேல் சுரத்தையும் ஆகக் கீழ் சுரத்தையும் பார்த்துப் பொருத்துகிறார்கள். ஆகவே மேல் வரியில் (பாடுகிற வரி அதுதான், கீழே இருக்கிற இரண்டு வரியும் பியானோவுக்கு) எந்தப் புள்ளி ஆக உயரத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். அதைக் கீபோர்டில் அழுத்தி, ஆ என்று வாயைத் திறந்து பாடிப் பாருங்கள். கழுத்து நரம்பு புடைத்தால் கீபோர்டில் சுருதியை மாற்றுகிற டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டோ மூன்றோ இறக்குங்கள். ஆண்கள் எழுதியிருப்பதற்கு ஒரு ஸ்தாயி கீழேதான் பாடுவார்கள், அது சரிதான்.

என் கட்டில் ஒரு தாளில், கடைசி வரியில் வருகிற மேல் எஃப் சுரத்தைச் சுற்றி யாரோ பென்சிலால் மெல்லிய வட்டம் போட்டு, கீழே டி சுரத்தை ஒரு புள்ளியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு இரண்டு சொல் முன்னால் மூச்சு வாங்க ஒரு காற்புள்ளி. அந்தக் காற்புள்ளி இரண்டு தடவை அழித்து, மூன்றாவது தடவை வேறு இடத்தில் போட்டது, காகிதம் அங்கே தேய்ந்து மெல்லியதாகிவிட்டது. எட்டாத சுரத்தோடு அந்த அம்மா எத்தனை மாலை போராடியிருப்பார். பென்சில் எழுத்தை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள், அழுக்கு துடைக்கும்போது அந்த இடத்தைச் சுற்றிப் போங்கள். அச்சு எழுத்து ஆயிரம் தாளில் இருக்கும், இது ஒரு தாளில்தான் இருக்கிறது. நானும் அந்த இடத்தில் டி தான் பாடுகிறேன்.

நோட்டு படிக்கத் தெரியாதவர்களுக்கு: நம் தேவாலயங்களில் பாடிப் பழகியவர்களுக்கு டோ ரே மீ எழுத்து தெரிந்திருக்கும், அவர்கள் அதையே நகலில் எழுதிக்கொள்ளலாம். மற்றவர்கள் ச ரி க ம எழுதுங்கள். மேஜர் ஸ்கேல் என்பது நம் சங்கராபரணத்தின் சுரங்கள், அப்படியே பொருந்தும். சோகமான மைனர் பகுதி வந்தால் கீரவாணியின் சுரங்களை அடிக்கடி காண்பீர்கள். சுரம்தான் அது, ராகமில்லை. கமகம் சேர்த்து அசைத்தால் இந்தப் பாட்டு உடைந்துவிடும், சுரத்தை நேராக நிறுத்திப் பாட வேண்டும். பாட்டுக் கற்ற என் அக்காவுக்கு இதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. காந்தாரம் வந்தாலே அவர் தொண்டை தானாக ஆடும். மெழுகுவத்திச் சுடர் காற்றில்லாத அறையில் நிற்பதுபோல நிறுத்துங்கள் அக்கா என்று சொன்ன பிறகுதான் பிடிபட்டது.

பியானோ இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், ஆர்மோனியம் போதும். ஒரு கை துருத்தியில் இருக்கும், ஆக வாசிக்க ஒரு கைதான். பியானோ வரியில் இருக்கிற எல்லாவற்றையும் வாசிக்க முயன்றால் சந்தைக் கூச்சல் ஆகிவிடும். ஒவ்வொரு அடியின் (இரண்டு செங்குத்துக் கோட்டுக்கு நடுவில் இருப்பது) முதல் தட்டில் இருக்கிற ஆகக் கீழ் சுரத்தைப் பாருங்கள், மேலே கூட இருக்கிற இரண்டு சுரத்தைச் சேர்த்து ஒரு கார்டாக (ஒரே நேரத்தில் ஒலிக்கிற சுரக்கூட்டம்) பிடியுங்கள், அடுத்த கார்டு மாறும் வரை விரலை எடுக்காமல் அப்படியே வையுங்கள். பியானோவில் ஒலி சீக்கிரம் செத்துவிடும் என்பதால்தான் ஒரே கார்டைத் திரும்பத் திரும்ப அடிக்க எழுதியிருக்கிறார்கள். ஆர்மோனியம் மூச்சுள்ளவரை பாடும், அதைத் தட்டித் தட்டி வாசிக்கத் தேவையில்லை. பல பாட்டுகளின் பல்லவிக்கு மூன்று, நான்கு கார்டு தெரிந்தாலே காலம் தள்ளலாம்.

முதல் பாட்டாக என்னைக் கேட்டால் ஆர்தர் சல்லிவன் 1877இல் இசையமைத்த 'த லாஸ்ட் கார்ட்' (தொலைந்த கார்டு) என்பேன். அடிலெய்ட் புரொக்டர் என்ற கவிஞரின் வரிகள்: களைத்துப்போய் ஆர்கன் முன் உட்கார்ந்த ஒருவர் தற்செயலாக ஓர் அற்புதமான கார்டைத் தொடுகிறார், பிறகு தேடித் தேடியும் அது கிடைக்கவில்லை. சல்லிவன் சாகக் கிடந்த தன் அண்ணனின் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்து இதற்கு இசை போட்டார். அண்ணன் ஃப்ரெட் அந்த ஜனவரியில் இறந்துபோனார். பாட்டே ஆர்கனைப் பற்றியது என்பதால் துருத்திக் காற்றில் நீளும் கார்டுகள் இதற்கு இயல்பாகவே அமையும். தொடக்க வரி கிட்டத்தட்ட ஒரே சுரத்தில் நின்று சொல்வதுபோல வரும், புதியவர்களுக்குப் பயம் போய்விடும். முடிவு மட்டும் மிகப் பெரிதாக எழும், அதற்கு மூச்சைச் சேமித்து வையுங்கள். 1888இல் எடிசனின் மேம்படுத்திய ஒலிப்பதிவுக் கருவியை லண்டனில் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியபோது ஒலித்த பதிவுகளில் இந்தப் பாட்டும் ஒன்று, கார்னெட் என்ற ஊதுகருவியும் பியானோவுமாக. அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது, இணையத்தில் தேடிக் கேளுங்கள்.

அது பழகிய பிறகு மொல்லாய் என்ற இசையமைப்பாளரின் 'லவ்ஸ் ஓல்ட் ஸ்வீட் சாங்' (1884) எடுக்கலாம், குடும்பமாகச் சேர்ந்து பல்லவி பாட நல்லது. அமெரிக்கத் தாள்கள் இருந்தால் சார்லஸ் ஹாரிஸின் 'ஆஃப்டர் த பால்' இருக்கிறதா பாருங்கள், 1890களின் தொடக்கத்தில் வந்து இலட்சக்கணக்கில் விற்ற பாட்டு. மூன்று தட்டு வால்ட்ஸ் நடன மெட்டு. ஒரு கிழவர் தான் ஏன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று ஒரு சின்னப் பெண்ணுக்குச் சொல்கிற நீண்ட கதை. கதைப் பாட்டு என்பதால் சரணங்களைப் பேசுவதுபோலச் சொல்லிக்கொண்டு போக வேண்டும், ஒரு சரணத்தை விட்டாலும் கதை கெட்டுவிடும்.

தாளில் இருக்கிற இத்தாலியச் சொற்களில் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் போதும். ரால் என்றால் மெல்ல மெல்ல வேகத்தைக் குறை. ஆ டெம்போ என்றால் பழைய வேகத்துக்குத் திரும்பு. கோலா வோச்சே என்று பியானோ வரியில் இருந்தால், வாசிப்பவர் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பாடுகிறவரின் பின்னாலேயே போக வேண்டும். நம் கச்சேரியில் வயலின்காரர் விருத்தத்துக்குப் பின்னால் போவாரே, அதே மாதிரி. வளைவுக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தால் அந்தச் சுரத்தில் மனம் சொல்கிறவரை நில்லுங்கள்.

தமிழில் பாடலாமா என்றால், தாராளமாக. வார்த்தைக்கு வார்த்தை பெயர்க்காதீர்கள், ஒரு சரணத்தின் கருத்தை எடுத்துக்கொண்டு நம் சொல்லில் எழுதுங்கள். நீண்டு நிற்கிற சுரத்தில் என்ன எழுத்து விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீடு என்ற சொல்லை நாலு தட்டு நீட்டினால் வீடூ என்று ஆகி, கேட்கவே சங்கடமாக இருக்கும், அந்தக் குற்றியலுகரம் நீட்சியைத் தாங்காது. வீட்டிலே என்று மாற்றுங்கள், ஏகாரம் எவ்வளவு நீட்டினாலும் நிற்கும். அம்மா, வருவாயோ, தூரமே என்று நெடிலில் முடிகிற சொற்களைப் பல்லவியின் முடிவுக்கு ஒதுக்கி வையுங்கள். தாலாட்டும் ஒப்பாரியும் பாடியவர்கள் ஆகாரத்திலும் ஓகாரத்திலும் வந்து நின்றது ஏன் என்று எனக்கு இதைச் செய்தபோதுதான் விளங்கியது.

இவை ரொம்ப அழுகைப் பாட்டுகள் என்று சிலர் ஒதுக்குவார்கள். கடல் தாண்டிய பிரிவு, செத்துப்போன குழந்தை, நரைத்த தம்பதியின் அன்பு, இதையெல்லாம் மறைக்காமல் சொல்கிற பாட்டுகள்தான். ஒப்பாரி கேட்டு வளர்ந்த நமக்கு அதில் கூச்சம் எதற்கு? முழு மனசோடு பாடுங்கள், பாதி மனசோடு பாடினால்தான் இவை கெட்டுப்போகும்.

அசல் தாள்களை வைக்க, இறுக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே அமிலமில்லாத வெள்ளைத் தாள், இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலம். பொட்டலத்தின் நிறம் மாறியதும் புதிது போடுங்கள். தரையிலும் வெளிச்சுவர் ஓரத்திலும் வேண்டாம், மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். மாதம் ஒரு தடவை, வெயில் நன்றாக அடிக்கிற ஒரு நாள் பார்த்து, திறந்து முகர்ந்து பாருங்கள். பழைய மண் வாசனை வந்தால் பூஞ்சை ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம், அன்றே எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஆற வையுங்கள்.

பாடுவதற்கு நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மழை பிடித்தால் தகரக் கூரையில் ஆர்மோனியமே கேட்காது, அதனால் நாங்கள் இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு முடிந்து உட்காருகிறோம். காற்றாடி ஓடினால் நகல் தாள் பறக்கும், ஸ்டாண்டில் துணி கிளிப் இரண்டு மாட்டிவிடுங்கள், ஆனால் பக்கம் புரட்டுவதற்கு ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்தால் இன்னும் நல்லது.